டார்கெட்டை எழுத்தில் கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பெரிய இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டால் பிள்ளை செட்டிலாகிவிட்டான் என்று சேலத்தில் இன்னமும் பல வீடுகளில் நினைக்கிறார்கள். அப்படி ஒரு கம்பெனியில், பாலிசிப் பணம் கேட்டு வருபவர்களைக் கவனிக்கும் க்ளெய்ம் பிரிவில் பல வருடம் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

ஒன்றாம் தேதி சம்பளம், குடும்பத்துக்கே மருத்துவக் காப்பீடு எல்லாம் உண்மைதான். பதவி உயர்வு வந்தால் ஊர் மாற்றமும் கூடவே வரும், அதைச் சமாளித்துக்கொள்ளலாம். எனக்குப் பெரிதாகத் தெரிந்தது வேறு. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்தவர் திடீரென்று இறந்துபோக, அவர் மனைவி பாலிசி பத்திரத்தை மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு வந்தார். சர்க்கரை வியாதியைச் சொல்லாமல் எடுத்த பாலிசி, ஒரு பைசா வராது என்று யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். ஆயுள் பாலிசி எடுத்து 3 வருடம் தாண்டிவிட்டால் எந்தக் காரணம் சொல்லியும் அதை மறுக்க முடியாது என்று இன்சூரன்ஸ் சட்டத்தின் 45வது பிரிவு, 2015 திருத்தத்துக்கு அப்புறம், தெளிவாகச் சொல்கிறது. அவருடைய பாலிசி அதைத் தாண்டியிருந்தது. பணம் வரும்மா, பயப்படாதீங்க என்று சொல்ல முடிந்ததே, அந்த நாற்காலியின் மதிப்பு அதுதான்.

ஆனால் இன்று நம் பிள்ளைகளில் நிறையப் பேர் போய்ச் சேருவது அந்த நாற்காலிக்கு இல்லை, விற்பனைக்கு. விசிட்டிங் கார்டில் மேனேஜர் என்று இருக்கும், சேர்ந்த வாரமே சொந்தக்காரர்கள், நண்பர்கள் பெயரையெல்லாம் பட்டியல் போடச் சொல்வார்கள். மாமா, பெரியம்மா, கூடப் படித்தவர்கள் எல்லாரிடமும் ஆளுக்கொரு பாலிசி போட்டு முடித்தபின் ஓமலூர், ஆத்தூர் என்று வண்டியில் அலைய வேண்டும், வருடக் கணக்கு முடியும் மார்ச் மாதத்தில் விற்பனை டார்கெட்டை எட்டுவதற்காக ஞாயிற்றுக்கிழமைகூடக் கிடையாது. அடுத்த வருடம் பிரீமியம் கட்ட முடியாது என்று தெரிந்தே ஒருவர் தலையில் பாலிசியைக் கட்டுவது அந்த நெருக்கடியில்தான் நடக்கிறது. முன்பெல்லாம் ஒரே வருடம் கட்டி நிறுத்தினால் பொதுவாக ஒன்றும் திரும்ப வராது. 2024 அக்டோபரிலிருந்து, ஒரு வருடப் பிரீமியம் முழுதாகக் கட்டியிருந்தால் பாலிசியை நிறுத்தும்போது திரும்பக் கிடைக்கும் சரண்டர் தொகை உண்டு என்று இன்சூரன்ஸ் துறையைக் கண்காணிக்கும் ஆணையமான ஐஆர்டிஏஐ மாற்றியது நல்ல காரியம். ஆனாலும் கட்டியது முழுதாக வராது, அந்தக் கோபம் விற்ற பையன் மேல்தான் விழும், கல்யாண வீட்டில் சொந்த அத்தையே முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அதனால் சேலத்துக் கல்லூரிகளில் வேலைவாய்ப்பு முகாம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நிலையான சம்பளம் எவ்வளவு, மாத டார்கெட் எவ்வளவு, எட்டாவிட்டால் என்ன செய்வார்கள் என்ற மூன்றையும் எழுத்தில் கொடுக்காத கம்பெனியை, அது எவ்வளவு பெரியதாக இருந்தாலும் சரி, வளாகத்துக்குள் விடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இன்சூரன்ஸ் ஊழியர்,
அஸ்தம்பட்டி, சேலம்