இது உண்டியல் குலுக்குற வேலை இல்லைங்க

அன்புள்ள ஆசிரியருக்கு வணக்கம்.

நான் சிங்கப்பூர்ல பாசிர் ரிஸ்ல இருக்கேன், வயசு 46, சரக்குக் கப்பல் கம்பெனி ஒண்ணுல 19 வருஷம் அக்கவுண்ட்ஸ் பாத்தேன், போன வருஷம் ஆட்குறைப்புல வேலை போச்சு. ரெண்டு வாரத்துக்கு முன்னாடி இயற்கைப் பாதுகாப்புல இருக்குற ஒரு சின்ன அறநிறுவனத்துக்கு விண்ணப்பம் போட்டு இன்டர்வியூவும் போயிட்டு வந்தேன். வேலை என்னன்னா கிராண்ட் எழுதுறது, அதாவது அரசாங்க நிதி, அறக்கட்டளை, பெரிய கம்பெனிங்க இவங்களுக்கெல்லாம் திட்டம் எழுதிக் குடுத்து பணம் வாங்கி, வாங்கின பணத்துக்கு ரிப்போர்ட்டும் கணக்கும் ஒழுங்கா குடுக்குறது. இப்படி ஒரு வேலை இருக்குன்னே எனக்கு இவ்ளோ நாள் தெரியாது, நம்மள்ல நிறைய பேருக்குத் தெரிஞ்சிருக்காதுன்னுதான் இந்தக் கடிதத்த எழுதுறேன்.

வீட்டுல சொன்னதும் அம்மா முகமே மாறிப்போச்சு. "இத்தன வருஷம் கௌரவமா ஆபீஸ் போயிட்டு இப்ப போயி உண்டியல் குலுக்கப் போறியாடி"ன்னாங்க. அக்கா வீட்டுக்காரரு எத்தன பெர்சென்ட் கமிஷன்னு கேட்டாரு. கமிஷனே கிடையாதுங்க, இந்தத் தொழில முறையா செய்யுறவங்க கமிஷன் வாங்குறத தப்பாதான் நினைக்கிறாங்க, மாசச் சம்பளம், சிபிஎஃப் சேமநிதி, அவ்ளோதான். அம்மாவ நான் குறை சொல்லல. ஆனா எங்கப்பா கோயில் திருவிழாவுக்கு ரசீதுப் புத்தகத்தோட புளோக் புளோக்கா ஏறி இறங்கினவரு, ராத்திரி வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில அடிக்கட்டையையும் சில்லறையையும் ஒத்துப் பாத்துட்டுத்தான் கையக் கழுவுவாரு, அஞ்சு வெள்ளி இடிச்சாலும் அன்னைக்குத் தூக்கம் கிடையாது. அப்பா செஞ்சது கௌரவம்னா இதுவும் கௌரவம்தாம்மான்னு சொன்னேன், அம்மா ஒண்ணும் பேசல.

ஏன் இந்த வேலைக்குப் போட்டேன்னா அதுக்குக் காரணம் இருவாச்சிப் பறவைதான். பாசிர் ரிஸ் பூங்காவுல காலையில நடக்கப் போறப்ப அடிக்கடி பாப்பேன், மஞ்சள் அலகு, மேல கொம்பு மாதிரி ஒரு தடிப்பு, பறந்தா இறக்கைச் சத்தம் தலைக்கு மேல கேக்கும். பொட்டை மரப்பொந்துக்குள்ள போயி மண்ணு கிண்ணு வச்சு வாசல அடைச்சுக்கும், ஒரு கீறல் மட்டும்தான் விட்டிருக்கும், ஆண் பறவை அத்திப்பழத்த தொண்டையில சேத்துக் கொண்டுவந்து ஒண்ணொண்ணா எடுத்து அந்தக் கீறல் வழியா ஊட்டும். இந்தப் பறவை 19ஆம் நூற்றாண்டு நடுவுலயே சிங்கப்பூர்லேருந்து காணாமப் போச்சு, 1994-ல புலாவ் உபின் தீவுல ஒரு ஜோடி திரும்பத் தென்பட்டுச்சு, பெரிய பொந்து உள்ள மரம் பத்தாதுன்னு அப்புறமா கூட்டுப்பெட்டி செஞ்சு மரத்துல கட்டினாங்க, இன்னைக்கு நம்ம வீட்டுக்குக் கீழயே பாக்க முடியுது. இதெல்லாம் எனக்கு முன்னாடியே தெரியும். ஆனா அந்தப் பெட்டிக்கு, உள்ள வைக்குற கேமராவுக்கு, ஏறிக் கட்டுற ஆளுக்கெல்லாம் பணம் எங்கேருந்து வந்துருக்கும், அத யாரு உக்காந்து எழுதிக் கேட்டிருப்பாங்கன்னு யோசிச்சதே இல்ல.

இன்டர்வியூவுல ஒரு மணி நேரம் குடுத்து, 500 சொல்லுல ஒரு திட்டம் எழுதச் சொன்னாங்க. நான் இருவாச்சிக் கூட்டுப்பெட்டியவே எடுத்துக்கிட்டேன். 10 பெட்டி, விலை இவ்ளோ, கட்டுற கூலி இவ்ளோன்னு பட்ஜெட் சுத்தமா போட்டுட்டேன், அதப் பாத்து சந்தோஷப்பட்டாங்க. ஆனா பலன்னு ஒரு கட்டம் இருந்துச்சு, அதுல '10 பெட்டி வைக்கப்படும்'னு எழுதியிருந்தேன். எதுக்க உக்காந்து இன்டர்வியூ எடுத்த அந்த நிறுவனத்து அம்மா அந்த வரிய பென்சிலால லேசா வட்டம் போட்டு, பெட்டி வைக்கிறது நம்ம வேலை, அதுல எத்தன குஞ்சு வெளிய வந்துச்சுங்குறதுதான் பலன், பணம் குடுக்குறவரு ரெண்டாவதத்தான் கேப்பாருன்னு சொன்னாங்க. கண்டல் மரக்கன்னு 500 நட்டோம்னு சொன்னா போதாது, ஒரு வருஷம் கழிச்சு எத்தன உயிரோட நிக்குதுன்னு சொல்லணும், போய் எண்ணிப் பாக்குற செலவையும் முதல்லயே பட்ஜெட்ல போடணும். 19 வருஷ அக்கவுண்ட்ஸ்ல எனக்கு யாரும் இப்படிச் சொல்லிக் குடுத்ததில்ல, வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் எம்ஆர்டி ரயில்ல அதையேதான் நினைச்சுக்கிட்டு வந்தேன்.

எழுத்துல என்ன ஆகப்போகுதுன்னு நினைக்கிறவங்க சுங்கை பூலோவ நினைச்சுப் பாருங்க. 1986-ல பறவை பாக்குறவங்க அந்தச் சதுப்பு நிலத்தோட அருமையக் கண்டுபிடிச்சு, அத விட்டுவைங்கன்னு அரசாங்கத்துக்குத் திட்டமா எழுதிக் குடுத்தாங்க, 1993-ல பூங்காவா திறந்தாங்க, 2002-ல பாதுகாக்கப்பட்ட வனப்பகுதியாவே ஆயிருச்சு.

இன்டர்வியூ முடியறப்ப நான் ஒரு கேள்வி கேட்டேன், இந்த வேலைக்குச் சம்பளம் எந்தப் பணத்துலேருந்து வருதுன்னு. அந்தம்மா கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு உண்மையச் சொன்னாங்க. மரம் நட, பெட்டி வைக்க, பள்ளிப் பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போகன்னா பணம் கிடைச்சுருமாம், அத எழுதுறவங்களுக்கும் கணக்குப் பாக்குறவங்களுக்கும் சம்பளம்னு ஒரு வரி போட்டா பணம் குடுக்குறவங்க நிறைய பேரு அத மட்டும் கோடு போட்டு அடிச்சுருவாங்களாம். அதனால இந்த வேலை ஒரு வருஷக் கான்ட்ராக்ட்தான், அப்புறம் பொதுவா வர்ற நன்கொடையப் பொறுத்துதானாம். எனக்கு மனசு ரொம்பக் கஷ்டமாப் போச்சு, எங்கம்மா கேட்டதும் அவங்க அடிக்கிறதும் ஒண்ணுதானே, காசு கேக்குற ஆளுக்கெதுக்குச் சம்பளம்ங்குற அதே நினைப்புதானே. கட்டுப்பாடு இல்லாமயும் இல்ல, ஐபிசி தகுதி, அதாவது நன்கொடை குடுக்குறவங்களுக்கு வரிக்கழிவு கிடைக்கிற தகுதி, இருக்குற அறநிறுவனம் நன்கொடை திரட்டுற செலவு திரட்டினதுல 30 விழுக்காட்டத் தாண்டக்கூடாதுன்னு விதியே இருக்கு. சம்பளத்த அடிச்சுட்டா வருஷத்துக்கு ஒரு புது ஆளு வருவாங்க, போன வருஷம் நட்ட கன்னு எத்தன நிக்குதுன்னு யாருக்கும் தெரியாது.

நன்கொடை குடுக்குற நம்ம வியாபாரிங்க, கம்பெனி வச்சிருக்குறவங்க இத தயவுசெஞ்சு யோசிக்கணும். ஐபிசி அமைப்புக்குக் குடுத்தா 2026 முடியற வரைக்கும் ஒரு வெள்ளிக்கு ரெண்டரை வெள்ளி வரி போடுற வருமானத்துல கழிச்சுக்கலாம், அப்படிக் குடுக்குறப்ப சம்பளத்துக்கும் எடுத்துக்குங்கன்னு சேத்து ஒரு வரி எழுதிக் குடுத்தா பெரிய உதவியா இருக்கும்.

உங்க பத்திரிகையில வேலை வாய்ப்பு பத்தி எழுதுறப்ப இந்த வேலையப் பத்தியும் ஒரு தடவை எழுதுங்க. நர்சிங், ஐடி, டீச்சிங் தவிர பிள்ளைங்களுக்கு நாம ஒண்ணும் சொல்றதில்ல. என்ன மாதிரி நடுவயசுல வேலை போனவங்க, ஆடிட் பாத்தவங்க, நாலு வரி தெளிவா எழுதத் தெரிஞ்சவங்க நம்மள்ல எவ்ளோ பேரு இருக்காங்க, அவங்கெல்லாம் பூச்சி பறவை படிச்சிருக்கணும்னு அவசியமில்ல, அத சொல்லிக் குடுக்க அங்க ஆள் இருக்காங்க. எனக்கு முடிவு அடுத்த வாரம் சொல்றேன்னுருக்காங்க. அம்மா நேத்து ராத்திரி அந்த 500 சொல்லையும் படிச்சுக் காட்டச் சொல்லி முழுசா கேட்டாங்க.

இப்படிக்கு,
வாசகி, பாசிர் ரிஸ்