ஆண்டாளுக்கு அப்புறம் யாருமே பாடவில்லையா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த பெண் கவிஞர்கள் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். வெள்ளிவீதியார், காரைக்கால் அம்மையார், ஆண்டாள் பற்றியெல்லாம் எழுதியிருந்தது மனசுக்கு நிறைவாக இருந்தது. ஆனால் ஆண்டாளை முடித்த கையோடு, நடுவில் நீண்ட மௌனம் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு இருபதாம் நூற்றாண்டுக்குப் போய்விட்டார் கட்டுரையாளர். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் தஞ்சாவூர்க்காரி. நாற்பது வருஷமாக இங்கே அரண்மனைக்குப் பக்கத்தில்தான் குடியிருக்கிறேன். காய்கறி வாங்கப் போனாலும் அரண்மனை மதிலை ஒட்டித்தான் நடக்கவேண்டும். அந்த மதிலுக்கு உள்ளே, 17-ஆம் நூற்றாண்டில், பெண்கள் காவியம் எழுதினார்கள். ஒருவர் இருவர் இல்லை.

தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் அவையில் இராமபத்ராம்பா இருந்தார். தன் அரசரையே நாயகனாக வைத்து 'இரகுநாதாப்யுதயம்' என்று பன்னிரண்டு சர்க்கங்களில் சம்ஸ்கிருதக் காவியம் செய்தார். அதன் கடைசிப் பகுதியில், அரசவையில் கவி சொன்ன பெண்களையும் வீணை வாசித்த பெண்களையும் பற்றிப் பாடியிருக்கிறார். அவர்கள் எட்டு மொழிகளில் கவி சொல்வார்களாம். ஒரு நாழிகைக்குள் நூறு பாடல் கட்டுவார்களாம். நாழிகை என்பது இருபத்துநான்கு நிமிஷம். அரசவைப் புகழ்ச்சியில் கொஞ்சம் மிகை இருக்கும்தான். இருந்தாலும், பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து கவிதைப் போட்டி நடத்திய ஒரு சபை இருந்ததைப் பெண்ணே எழுதிவைத்திருக்கிறாரே, அது பெரிய விஷயமில்லையா? அதே அவையில் மதுரவாணி இருந்தார். அரசர் தெலுங்கில் எழுதிய இராமாயணத்தைச் சம்ஸ்கிருதத்தில் பாடியவர் அவர்.

அடுத்து வந்த விஜயராகவ நாயக்கர் காலத்தில் இரங்காஜம்மா. மன்னார்குடி இராஜகோபாலனுக்கு அடிமை என்று தன்னை 'மன்னாருதாசன்' என்று சொல்லிக்கொண்டவர் விஜயராகவர். அவரைப் பற்றி 'மன்னாருதாச விலாசம்' என்று யட்சகானம், அதாவது இசைநாடகம், எழுதினார் இரங்காஜம்மா. 'உஷா பரிணயம்' என்று இன்னொரு நூலும் உண்டு. அரசர் அவருக்குக் கனகாபிஷேகம் செய்தார் என்கிறார்கள். மன்னார்குடிக் கோயிலுக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அந்தப் பெருமாள் பெயரைத் தலைப்பிலேயே வைத்து ஒரு பெண் நாடகம் எழுதியிருக்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது ஓய்வு பெற்ற பிறகுதான். முப்பத்தொரு வருஷம் தமிழாசிரியையாக இருந்தவள் நான். ஒரு வகுப்பில்கூட இந்தப் பெயர்களை நான் சொன்னதில்லை. இன்றைக்கும் அது உறுத்துகிறது.

அப்புறம் முத்துப்பழனி. இவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

மராட்டியர் ஆட்சியில், 1739 முதல் 1763 வரை தஞ்சையை ஆண்ட பிரதாபசிம்மர் காலத்துக் கவி இவர். தேவதாசி மரபில் வந்தவர். 'இராதிகா சாந்த்வனமு' என்ற இவரது தெலுங்குக் காவியத்தில் 584 பாடல்கள் உண்டு. சாந்த்வனம் என்றால் சமாதானம் செய்வது. இளா என்ற பெண்ணை இராதை தன் கையாலேயே வளர்த்து ஆளாக்கிக் கண்ணனுக்குக் கட்டிக்கொடுக்கிறாள். முதலிரவுக்கு அனுப்பும்போது புதுப்பெண்ணுக்குப் புத்திமதியும் சொல்கிறாள். அனுப்பிவிட்ட பிறகுதான் அவளுக்கு நெஞ்சு தாங்கவில்லை. அழுகிறாள், கோபப்படுகிறாள், கண்ணனை ஏசுகிறாள். கடைசியில் கண்ணன் வந்து அவளைச் சமாதானப்படுத்துகிறான். வளர்த்தவளின் பெருமையும் காதலியின் பொறாமையும் ஒரே மனசில் முட்டிக்கொள்வதை அவ்வளவு கூச்சமில்லாமல் எழுதியிருக்கிறார். இராதையின் ஆசையை இராதையின் பக்கம் நின்று சொன்ன காவியம் இது.

நூலின் முகப்பில் கவிகள் தங்கள் குலத்தைச் சொல்வது வழக்கம். முத்துப்பழனியோ பாட்டி தஞ்சநாயகியில் தொடங்கித் தன் வீட்டுப் பெண்களைப் பெருமையோடு சொல்கிறார். தன்னைப் பற்றியும் தயங்காமல் கேட்கிறார்: என்னைப் போல் புலவர்களுக்குப் பொருள் கொடுத்துச் சிறப்பித்த பெண் வேறு யார்? என்னைப் போல் காவியங்கள் சமர்ப்பிக்கப்பட்ட பெண் வேறு யார்? இதைத் தற்பெருமை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நம் ஆண்டாளின் திருப்பாவையையும் தெலுங்கில் பாட முனைந்தவர் இவர். கட்டுரையாளர் ஆண்டாளோடு நிறுத்திக்கொண்ட இடத்தில் பாட்டை எடுத்துக்கொண்டவர் என்றே நான் நினைக்கிறேன்.

'இராதிகா சாந்த்வனமு'வுக்குப் பிற்காலத்தில் நேர்ந்தது வேறு. 19-ஆம் நூற்றாண்டில் அச்சானபோது பாடல்களை வெட்டிவிட்டார்கள். தெலுங்கு நாட்டின் பெரிய சீர்திருத்தவாதியான வீரேசலிங்கம் பந்துலுவே, ஒரு பெண் வாயால் சொல்லக் கூடாதவை இவை என்று கண்டித்தார். அந்த நேரத்தில் பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் மூலச் சுவடியைத் தேடிப் பிடித்து, வெட்டாமல் முழுசாக 1910-இல் பதிப்பித்தார். கூச்சம் என்பது பெண்களுக்கு மட்டும்தானா, ஆண் புலவர்கள் இதைவிட வெளிப்படையாக எழுதியபோது எங்கே போனீர்கள் என்று கேட்டார். அடுத்த வருஷமே ஆபாசம் என்று சொல்லி அரசாங்கம் பிரதிகளைப் பறிமுதல் செய்தது. பிரகாசம் சென்னை மாகாண முதல்வராக இருந்தபோதுதான் தடை விலகியது. முப்பத்தைந்து வருஷம்!

'அவர்கள் தெலுங்குக் கவிகள், சம்ஸ்கிருதக் கவிகள், தமிழ்ப் பத்திரிகையில் அவர்களுக்கு என்ன வேலை?' என்று வாசகர்கள் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தியாகராஜரும் தெலுங்கில்தானே பாடினார்? தை மாதம் திருவையாற்றில் பஞ்சரத்ன கீர்த்தனை கேட்கக் காவிரிக்கரையில் இடம் பிடிக்க ஓடுகிறோமே, அவரை யாராவது வேற்றாள் என்கிறோமா? அங்கே அவருக்குச் சமாதிக் கோயில் எழுப்பியவரும் இதே நாகரத்தினம்மாள்தான். சமாதிக் கோயிலை மட்டும் நம்முடையது என்று எடுத்துக்கொண்டோம், அவர் பதிப்பித்த புத்தகத்தை எடுத்துக்கொள்ளவில்லை. தஞ்சை மண்ணில், காவிரித் தண்ணீர் குடித்து எழுதியவர்கள் இந்தப் பெண்கள்.

சரி, தமிழிலேயே வேண்டும் என்றால் செங்கோட்டை ஆவுடை அக்காள் இருக்கிறார். குழந்தையாக இருந்தபோதே கைம்பெண் ஆனவர். திருவிசநல்லூர் ஸ்ரீதர ஐயாவாளைக் குருவாகக் கொண்டவர் என்பார்கள். அப்படியானால் தஞ்சை மராட்டிய மன்னர் ஷாஹஜி காலத்தை ஒட்டி வரும். கும்மி, அம்மானை, பள்ளு என்று பெண்கள் வாயில் சுலபமாக நிற்கிற வடிவங்களில் வேதாந்தத்தைப் பாடினார். 

எங்கள் அத்தைப்பாட்டி பாடித்தான் எனக்கு ஆவுடை அக்காள் தெரியும். அத்தைப்பாட்டி பதினான்கு வயதில் கணவனை இழந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. விடியற்காலையில் ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்து, இடது கையால் மாவைத் தள்ளிக்கொண்டே பாடுவார். குழவி ஒரு சுற்று வர ஒரு அடி முடியும். எச்சில் எச்சில் என்று ஒதுக்குகிறாயே என்று கேட்கும் ஒரு பாட்டு அவருக்கு ரொம்பப் பிடிக்கும். தேன் ஈயின் எச்சில், பூ வண்டின் எச்சில், நாம் முழுகுகிற ஆற்றில் மீனின் எச்சில் என்று அடுக்கிக்கொண்டே போகும் பாட்டு அது. மடியும் தீட்டும் பார்க்கிற வீட்டில், நார்மடி கட்டி மொட்டையடித்த அம்மாள், அதே சமையலறையில் உட்கார்ந்து அதைப் பாடினார். யாரும் தடுக்கவில்லை. பக்திப் பாட்டு என்று நினைத்துக்கொண்டார்கள்.

அவர் பாடப் பாட என் அம்மா ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதிவைத்தார். அடி பிரிக்காமல், புள்ளி வைக்காமல், பக்கம் முழுக்க ஒரே ஓட்டமாக எழுதியிருப்பார். ஓரத்தில் மஞ்சள் விரல் பதிந்திருக்கும். வீட்டைக் காலி செய்தபோது பழைய பேப்பரோடு அதுவும் போய்விட்டது. அட்டையோடு ஒட்டியிருந்த நான்கு பக்கம்தான் இப்போது என்னிடம் இருக்கிறது. நல்ல வேளையாக, இப்படிப் பல வீடுகளில் கிடந்த பாட்டுகளைச் சில பெண்மணிகள் அலைந்து சேர்த்து வைத்ததால் ஆவுடை அக்காள் அச்சில் ஏறினார்.

அதனால்தான் 'நீண்ட மௌனம்' என்ற வார்த்தை என்னால் தாங்க முடியாததாக இருக்கிறது. அவர்கள் பாடிக்கொண்டேதான் இருந்தார்கள். ஒருத்தர் பாட்டைத் தடை செய்தோம், ஒருத்தர் பாட்டைச் சமையலறைப் பாட்டு என்று விட்டோம், மற்றவர்களை வேறு மொழி என்று தள்ளினோம்.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். முத்துப்பழனியின் பாடல்களில் பத்தையாவது, தெலுங்கு மூலத்தைத் தமிழ் எழுத்தில் கொடுத்து, பக்கத்திலேயே நல்ல தமிழ் மொழிபெயர்ப்போடு வெளியிடுங்கள். இன்னொன்று, திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்து வாசகர்கள் வீட்டில் பாட்டிகளின் பாட்டு நோட்டு இருந்தால் தூக்கிப் போடாமல் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லி ஓர் அறிவிப்புப் போடுங்கள். என்னிடம் இருக்கும் நான்கு பக்கத்தின் நகலை இந்தக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். மூன்றாம் பக்கத்தில் கீழே இரண்டு வரி அழிந்திருக்கிறது. யாருக்காவது அந்தப் பாட்டு தெரிந்திருந்தால் எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற தமிழாசிரியை,
தஞ்சாவூர்.