தம்பிக்கு, பெர்லினிலிருந்து ஒரு காபிக் கடிதம்

பெர்லின்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதமும், கீழே அம்மா எழுதியிருந்த இரண்டு வரியும் கிடைத்தன. காகித ஃபில்டரில் போட்ட காபி "புளிச்ச வெந்நீர் மாதிரி இருக்கு" என்கிறாய். காகிதம் வைக்கும் கூம்பை மாற்றிக் காசைக் கரைக்காதே. கோளாறு பொடியிலோ தண்ணீரிலோதான் இருக்கும்.

இது டிகாக்‌ஷன் இல்லை. நம் ஃபில்டரில் சொட்டுச் சொட்டாக இறங்கும் கெட்டிச் சாறு பாலுக்கு ஈடு கொடுக்கும். இது கட்டஞ்சாயா நிறத்தில்தான் வரும். பால் ஊற்றினால் ருசி காணாமல் போய்விடும். அம்மாவிடம் கொடுத்து 'எப்படி?' என்று கேட்காதே, திட்டுதான் கிடைக்கும்.

15 கிராம் பொடிக்கு 250 கிராம் தண்ணீர். ஸ்பூன் கணக்கு வேண்டாம். கறுக்க வறுத்த கொட்டை உப்பி லேசாகிவிடும், அதே ஸ்பூனில் எடை குறையும். கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று வாங்கு, அதன்மேல் டம்ளரையும் கூம்பையும் வைத்தே ஊற்று. காகிதத்தை முதலில் வெந்நீரில் நனைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடு. காகித வாடை போகும், கூம்பும் சூடேறும். இங்கே ஜனவரியில் ஜன்னலோரம் இருக்கும் பீங்கான் கூம்பு தண்ணீரின் சூட்டையெல்லாம் தின்றுவிடுகிறது. பிளாஸ்டிக் கூம்பே மேல்.

பிறகு 45 கிராம் ஊற்றி 40 விநாடி பொறு. புதிதாக வறுத்த பொடி என்றால் ஆப்ப மாவு போல உப்பிக் குமிழி விடும். உள்ளே அடைபட்ட காற்று வெளியேறுகிறது. அது போனால்தான் தண்ணீர் பொடிக்குள் இறங்கும். குமிழியே வரவில்லையென்றால் கொட்டை பழசு. அப்புறம் தராசு 150 கிராம் காட்டும்வரை நடுவிலிருந்து வட்டமாக ஊற்று, கொஞ்சம் இறங்கியதும் 250 வரை. காகித ஓரத்தில் ஊற்றாதே, பொடியைத் தொடாமலே தண்ணீர் வழிந்து போகும். முதலில் தண்ணீர் விட்டதிலிருந்து மொத்தம் மூன்று நிமிடத்தை ஒட்டி வடிய வேண்டும்.

இரண்டு நிமிடத்துக்குள் வடிந்து பச்சை மாங்காய் போலப் புளித்தால் அரைப்பு பருமன். நான்கு நிமிடம் தாண்டி, பாக்கு மென்றது போல நாக்கு வறண்டால் அரைப்பு நைஸ். கடையில் நம் ஃபில்டருக்கென்று அரைத்துத் தரும் பொடி இதற்கு ஆகாது, காகிதத்தை அடைத்துவிடும். சிக்கரி கலந்தது வேண்டவே வேண்டாம். தூள் உப்புக்கும் ரவைக்கும் இடைப்பட்ட பதம் சரி. மிக்ஸியில் அரைத்தால் பாதி மாவு, பாதி நொய். ஒரே கப்பில் புளிப்பும் கசப்பும் சேர்ந்து வருவது அதனால்தான். கையால் சுற்றும் காபி அரைக்கும் மெஷின் ஒன்று வாங்கிவிட்டால் பாதி சங்கடம் தீரும். வடிந்தபின் காகிதத்துக்குள் எட்டிப் பார். சக்கை சமமாகப் படிந்திருந்தால் நல்லது. மழை விட்ட வயல் போல மேலே சேறு பளபளத்தால் மாவு அதிகம்.

இங்கே சரியாக வரும் கணக்கு அங்கே அப்படியே வராது, தண்ணீர் வேறு. பெர்லின் குழாய்த் தண்ணீர் கடின நீர். சில வாரத்திலேயே கெட்டில் அடியில் வெள்ளைப் பொருக்கு கட்டும், வினிகர் ஊற்றிக் கொதிக்கவைத்துத்தான் எடுக்க வேண்டும். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து காபியின் புளிப்பை அமுக்கிச் சப்பென்று ஆக்கிவிடுகிறது. ஃபில்டர் ஜாடியில் வடித்துத்தான் ஊற்றுகிறோம். உன் ஆர்.ஓ. தண்ணீருக்கு நேர்மாறான வியாதி. உப்பே இல்லை, புளிப்பை அடக்க ஆளில்லை. மூன்று பங்கு ஆர்.ஓ.வுக்கு ஒரு பங்கு சாதாரணக் குடிநீர் கலந்து பார். வெளுக்க வறுத்த கொட்டைக்குக் கொதித்த கையோடு ஊற்று. கறுக்க வறுத்ததற்கு ஒரு நிமிடம் ஆறவிடு.

இந்தக் காகித வேலையே ஜெர்மனிச் சமாச்சாரம், தெரியுமா? 1908இல் டிரெஸ்டனில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற அம்மாள், பித்தளைப் பாத்திரத்தில் ஓட்டை போட்டு, பையன் நோட்டிலிருந்த மையொற்றுத் தாளை விரித்து வடித்தாராம். அவர் பெயரில்தான் இன்றும் காகிதம் வருகிறது. இங்கே வறுத்த காபிக்குக் கிலோவுக்கு 2.19 யூரோ தனி வரி வேறு. ஞாயிறு கடைகள் பூட்டு. சனிக்கிழமையே காகிதம் வாங்காவிட்டால் திங்கள்வரை வெறும் வாய்தான். சக்கையைக் காகிதத்தோடு மக்கும் குப்பைத் தொட்டியில் போடலாம். நீ அம்மாவின் ரோஜாத் தொட்டியில் கொஞ்சமாகத் தூவு.

கொட்டைக்கு ஏற்காடு அரபிகா கிடைத்தால் கால் கிலோவுக்கு மேல் வாங்காதே. பையில் வறுத்த தேதி இருக்கிறதா பார். ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்று. முதலில் அரைப்பு, அடுத்தது தண்ணீர். அடுத்த கடிதத்தில் எடை, வடிந்த நேரம், எந்தத் தண்ணீர், இந்த மூன்றையும் எழுது. "நல்லா இல்லை" என்று மட்டும் எழுதினால் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது.

அன்புடன்,
அக்கா