டியூப் டெஸ்டுக்கு முன்னால் உன் டெஸ்ட்

அன்புள்ள மகனுக்கு,

மருமகளுக்கு அடுத்ததாக டியூப் டெஸ்ட், அதாவது கருக்குழாயில் அடைப்பு உண்டா என்று பார்க்கும் சோதனை, என்று எழுதியிருந்தாய். அதற்குத் தேதி வாங்குமுன் உன் விந்துப் பரிசோதனையை முடித்துவிடு. குழந்தை தாமதமாகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் ஏதோ ஒரு காரணம் இருக்கிறது. அவளுக்கு அது வலிக்கிற சோதனை. உனக்கு ஒரு டப்பாவும் கொஞ்சம் கூச்சமும்தான். தாம்பத்தியத்தில் குறையில்லையே என்று நினைக்காதே; அதை வைத்து விந்தணு எப்படி என்று சொல்ல முடியாது.

2 நாளுக்குக் குறையாமல், 7 நாளுக்கு மேல் போகாமல் இடைவெளி விட்டுக் கொடு. நாள் கூடினால் எண்ணிக்கை ஏறும், அசைவு குறையும். லேபிலேயே கொடுப்பது உத்தமம். வீட்டிலிருந்து என்றால் டப்பாவைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்து, அரை மணியில், மிஞ்சினால் ஒரு மணிக்குள் சேர்த்துவிடு. எண்ணெய், சோப்பு, எச்சில் எதுவும் படக்கூடாது. சாதாரண ஆணுறையில் பிடித்தால் அணுக்கள் செத்துப்போகும். முக்கியமானது ஒன்று: முதலில் வரும் சில சொட்டுகளில்தான் விந்தணு அதிகம். பின்னால் வருவது பெரும்பாலும் அணு குறைந்த திரவம். முதல் சொட்டு வெளியே சிந்திவிட்டால் வெட்கப்படாமல் லேபில் சொல். சொல்லாவிட்டால் இல்லாத குறை ரிப்போர்ட்டில் ஏறும்.

ரிப்போர்ட் வந்ததும் 'நார்மல் வடிவம் 4%' என்ற வரியைப் பார்த்துப் பதறாதே. 4 என்பதே போதும் என்ற அளவு. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டின்படி கீழ்வரம்பு: விந்தின் அளவு 1.4 மில்லி, மில்லிக்கு 1.6 கோடி அணு, மொத்தம் 3.9 கோடி, முன்னோக்கி நீந்துபவை 30%. ஓராண்டுக்குள் மனைவி கருவுற்ற ஆண்களை வரிசைப்படுத்தி, கடைசி 5% பேர் நிற்கும் இடத்தில் போட்ட கோடு இது. பாஸ், ஃபெயில் மதிப்பெண் இல்லை. நான் பார்ப்பது பெருக்கல் கணக்கு: 2 மில்லி, மில்லிக்கு 2 கோடி, நீந்துபவை 25% என்றால் கையில் இருப்பது 1 கோடி. ஐயுஐ (விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்தும் சிகிச்சை) செய்யலாமா என்று டாக்டர் யோசிப்பதும் இந்த எண்ணை வைத்துத்தான்.

குறைவாக வந்தால் இன்னொரு முறை கொடுத்துப் பார். ஒரு விந்தணு உருவாகி வெளியே வர ஏறக்குறைய 3 மாதம் ஆகும். போன மாதம் அடித்த காய்ச்சல் இந்த மாத ரிப்போர்ட்டில் தெரியலாம். சிகரெட்டை இன்றைக்கு நிறுத்தினாலும் 3 மாதம் கழித்துத்தான் கணக்குப் பார்க்கணும்.

ஜிம்மில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காதே. வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் மூளை, விதைக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்திவிடுகிறது. எண்ணிக்கை சுழியம் வரைகூட விழும். நிறுத்தினால் பெரும்பாலும் மீளும், ஆனால் பல மாதம் பிடிக்கும்.

டாக்டர் உன்னை நிற்க வைத்து, விதைப்பையைக் கையால் தொட்டுப் பார்க்கணும். இடது விதையின் ரத்தக்குழாய் சிறுநீரக ரத்தக்குழாயில் செங்குத்தாகப் போய்ச் சேர்வதால் அந்தப் பக்கம்தான் வெரிகோசீல் (விதைப்பை ரத்தக்குழாய் வீக்கம்) அதிகம். கைக்குத் தட்டுப்பட்டு, ரிப்போர்ட்டும் மோசமாக இருந்தால் ஆபரேஷனைப் பற்றிப் பேசலாம். ஸ்கேனில் மட்டும் தெரிவதை அறுக்கச் சொன்னால் வேறொரு டாக்டரையும் கேள். சத்து மாத்திரை டப்பா டப்பாவாக எழுதிக் கொடுத்தாலும் யோசி. உறுதியான பலன் நிரூபிக்கப்படவில்லை.

ஒருவேளை அணுவே இல்லை என்று வந்தால், மாதிரியை மெஷினில் சுழற்றி அடிப்படிவைப் பார்த்தார்களா என்று கேள். இரண்டாம் முறையும் அப்படியே என்றால் அடைப்பா, உற்பத்தியே இல்லையா என்று பிரிக்கணும். அளவு குறைந்து அமிலத்தன்மையும் இருந்தால் பாதையில் அடைப்போ, குழாய் பிறவியிலேயே இல்லாததோ காரணமாகலாம். விதை சிறுத்து எஃப்எஸ்ஹெச் (விதையை வேலை வாங்க மூளை அனுப்பும் ஹார்மோன்) ஏறியிருந்தால் உற்பத்திக் கோளாறு; அப்போது குரோமோசோம் டெஸ்ட்டும் வேண்டும். அடைப்பு என்றால் ஊசியால் விதையிலிருந்தே அணு எடுத்து இக்ஸி (ஒரு அணுவை நேரே கருமுட்டைக்குள் செலுத்துவது) செய்வார்கள். மற்றதில் மைக்ரோஸ்கோப் வைத்துத் தேடினாலும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

மருமகளுக்கு 35 தாண்டியிருந்தால் 6 மாத முயற்சிக்கு மேல் காத்திருக்க வேண்டாம். ரிப்போர்ட்டை முழுசாகப் போட்டோ எடுத்து அனுப்பு. எத்தனை நாள் இடைவெளி, எத்தனை மணிக்குக் கொடுத்தாய், எத்தனை மணிக்குப் பார்த்தார்கள் என்பதும் அதில் இருக்கணும்.

அன்புடன்,
அப்பா