நாக்கு எரியாமல் பைப் பிடிக்க

சாத்துவாச்சாரி,
வேலூர்.

அன்புள்ள செந்திலுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் நலம். புகையிலை போட்டுப் பைப் பிடிக்க ஆரம்பித்திருக்கிறாய், நாக்கு எரிகிறது, பாதியிலேயே அணைந்துபோகிறது என்று போனில் சொன்னாய். அம்மா பக்கத்தில் இருந்ததால் விளக்கமாகப் பேச முடியவில்லை. அதனால்தான் கடிதம்.

மனசில் இருப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ இதை விட்டுவிட்டால் எனக்கு ரொம்பச் சந்தோஷம். நான் விட்டு வெகு வருஷம் ஆகிறது. புகையை உள்ளே இழுக்காவிட்டால் ஆபத்தில்லை என்று சிலர் சொல்வார்கள், அதை நம்பாதே. பைப் புகையில் இருக்கும் நிகோடின் வாயின் தோல் வழியாகவே ரத்தத்தில் கலந்துவிடும். உதடு, நாக்கு, தொண்டை எல்லாவற்றிலும் புற்றுநோய் வரலாம். ஆனாலும் நீ முப்பது தாண்டியவன், கேட்டதற்கு மழுப்பி எழுத எனக்கு மனசு வரவில்லை. பிடிப்பதானால் எப்போதாவது, மெதுவாக, சரியாகப் பிடி.

உன் ஆயா குடியாத்தத்தில் பீடி சுற்றியது உனக்கு ஞாபகம் இருக்கும். ஊறவைத்த இலையை அளவாக வெட்டி, தூளை ஒரு முனையில் கொஞ்சம் குறைவாகப் பரப்பி, விரலாலேயே உருட்டுவார்கள். தூள் கூடினால் இழுப்பு வராது. குறைந்தால் பீடி தொளதொளவென்று இருக்கும், கணக்கு எடுப்பவர் கழித்துவிடுவார். ஆயா தராசு வைத்துக்கொண்டதே இல்லை, கைதான் அளவு. பைப்பை நிரப்பவும் அந்தக் கைதான் வேண்டும். புகையிலையை மூன்று பங்காக வைத்துக்கொள். முதல் பங்கைப் பைப்பின் கிண்ணத்தில், அதாவது முனையில் இருக்கும் குழியில், உதிரியாகப் போட்டு, லேசாகத் தொட்டுவிட்டால் போதும். இரண்டாவதைக் கொஞ்சம் அழுத்து. மூன்றாவதை அதைவிடக் கொஞ்சம் கூட. பற்றவைக்கும் முன் ஒருமுறை வெறுமனே இழுத்துப் பார்: இளநீரைக் குழலில் உறிஞ்சும்போது இருக்கிற அளவுக்குத் தடை இருந்தால் சரி. அதைவிட இறுக்கமாக இருந்தால் கொட்டிவிட்டு மறுபடி நிரப்பு. இறுகியதைக் குத்திக் குத்திச் சரிசெய்ய முடியாது.

அப்புறம் புகையிலையின் ஈரம். நம் ஊர் சித்திரை வெயிலில் டப்பாவைத் திறந்து வைத்தால் சீக்கிரத்தில் சருகாகிவிடும். உன் கிளாஸ்கோவில் அதற்கு நேர்மாறு. ஈரப் புகையிலை எரியும்போது நீராவி வருகிறது, நாக்கைச் சுடுவது பெரும்பாலும் அதுதான். பிடிப்பதற்கு அரைமணி நேரம் முன்னால் கொஞ்சத்தை ஒரு தாளில் பரப்பி வை. விரலால் கிள்ளிப் பார்த்தால் ஒட்டிக்கொள்ளக் கூடாது, நொறுங்கவும் கூடாது.

தீக்குச்சியால் பற்றவை. பெட்ரோல் லைட்டர் வேண்டாம், அந்த வாசனை புகையிலையில் ஏறிவிடும். முதல் தீயில் மேல்பரப்பு கருகி மேலே எழும்பும். அது அணைந்தாலும் கவலைப்படாதே. எழும்பியதை லேசாக அமுக்கிவிட்டு மறுபடி பற்றவை, இரண்டாவது தீதான் நிற்கும்.

உன் நாக்கு எரிவதற்கு இன்னொரு காரணமும் எனக்குத் தோன்றுகிறது. ஹாஸ்டலில் பீடி பிடித்தவன் நீ. பீடியைக் கொஞ்ச நேரம் விட்டால் அணைந்துவிடும், அதனால் அடிக்கடி இழுத்து இழுத்து வாய் பழகியிருக்கும். பைப்பில் அந்தப் பழக்கம் ஆகவே ஆகாது. வேகமாக இழுத்தால் சூடு ஏறும், ருசி போகும், நாக்கு புண்ணாகும், பைப்பின் கட்டையே வெந்துவிடும். சின்னதாக இழுத்து, புகையை வாயிலேயே வைத்திருந்து விடு. நெஞ்சுக்குள் இழுக்கவே இழுக்காதே. பேசும்போதும் மூச்சு விடும்போதும் அதன்பாட்டில் கனன்றுகொண்டிருந்தால் போதும். அணைந்தால் அணையட்டும், மறுபடி பற்றவைத்துக்கொள். ராணிப்பேட்டைத் தோல் கம்பெனியில் எனக்கு இதைக் கற்றுக்கொடுத்த பெரியவர், கிண்ணத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். சூடு பொறுக்க முடியவில்லையென்றால் கீழே வைத்துவிடுவார். நீயும் அப்படியே செய்.

நடுவில் களகளவென்று சத்தம் வந்தால், வாயில் வைக்கும் தண்டில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. பஞ்சு சுற்றிய கம்பியை ஒருமுறை விட்டு எடு. சூடாக இருக்கும்போது தண்டைக் கழற்றாதே, பொருத்து உடைந்துவிடும். சாம்பலைக் கல்லிலோ மேஜையிலோ தட்டிக் கொட்டாதே. முடிந்ததும் சுத்தம் செய்து, ஒரு நாளாவது ஓய்வு கொடு. நல்ல பைப், மத்தியதரைக் கடல் பக்கத்தில் வளரும் பிரையர் என்ற புதர்ச்செடியின் வேர்க்கட்டை. ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், காய நேரம் வேண்டும். உள்சுவரில் கரி மெல்லிசாகப் படிவது நல்லது, கட்டையைத் தீயிலிருந்து காக்கும். ஒரு ரூபாய்க் காசின் கனத்தைத் தாண்டினால் சுரண்டிவிடு. இல்லாவிட்டால் சூட்டில் விரிந்து கிண்ணத்தையே பிளந்துவிடும்.

குழந்தை இருக்கும் அறையில் வேண்டாம். கதவைத் திறந்து வைத்தாலும் வேண்டாம். வெளியே போய்ப் பிடி, சட்டையை மாற்றிக்கொண்டு குழந்தையைத் தூக்கு. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பல் டாக்டரிடம் போகும்போது பைப் பிடிப்பதை மறைக்காமல் சொல், நாக்கின் ஓரத்தையும் அடிப்பக்கத்தையும் பார்க்கச் சொல். ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் இருந்தால் உடனே காட்டு. ஊருக்கு வரும் தேதி முடிவானதும் எழுது, காட்பாடி ஸ்டேஷனுக்கு நானே வந்து கூட்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா