தரங்கம்பாடிக்குக் கிளம்பும் நண்பர் கூட்டங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

போன மாதம் ஒரு சனிக்கிழமை நாங்கள் நான்கு பேர் மயிலாடுதுறையில் ரயிலை விட்டு இறங்கி, பொறையாறு வழியாகப் போகிற பஸ்ஸைப் பிடித்துத் தரங்கம்பாடி போனோம். கோட்டை, கடற்கரை, நாலு போட்டோ, சாயங்காலம் திரும்பிவிடலாம் என்றுதான் கணக்கு. நல்லவேளை, ராத்திரி தங்கிவிட்டோம்.

இதை எழுத வைத்தது ஒரு பழைய சுவர். சுண்ணாம்புப் பூச்சில் இரண்டு பெயர்கள், நடுவில் ஒரு இதயம், கீழே வருஷம். கீழே தரையில் கோலமாவு மாதிரி வெள்ளைத் தூள் உதிர்ந்து கிடந்தது, அப்படியென்றால் அன்றைக்குத்தான் யாரோ கீறியிருக்கிறார்கள். அதைப் பார்த்து எங்களிலேயே ஒருவன் வீட்டுச் சாவியை வெளியே எடுத்துவிட்டான். கையைப் பிடித்துத் தடுத்தோம்.

தயவுசெய்து கீறாதீர்கள். பூச்சு திறந்த இடத்தில் உப்புக் காற்றும் மழைத் தண்ணீரும் உள்ளே இறங்கும், செங்கல் அரிக்கும், அப்புறம் பக்கத்துப் பூச்சும் சேர்ந்து பெயர்ந்து வரும். சிமெண்ட் வைத்து அடைத்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் கெட்டுப்போகும்.

இந்த ஊரில் என்னென்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டத் தொடங்கிய 1620இல், தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தங்க ஏட்டில் தமிழில் எழுதிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. 1706இல் வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு இங்கேயே தமிழ் அச்சுக்கூடம் நடத்தினார். ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றதால், இங்கேயே சின்ன எழுத்துகளை வார்த்து, 1715இல் புதிய ஏற்பாடு முழுவதையும் அச்சடித்து முடித்தார்கள். ராஜ வீதியில் அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்துக்குள்தான் அவர் கல்லறை. எத்தனை கூட்டம் அந்த வாசலைத் தாண்டியே போய்விடுகிறது!

எனக்கு மனதை விட்டு நீங்காதது மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306இல் எழுந்தது. இந்த ஊரைச் சடங்கன்பாடி என்று சொல்வது அங்குள்ள கல்வெட்டுதான். கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. ஞாயிறு காலை அங்கே வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தோம். “நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப கடல் இன்னும் அந்தாண்ட இருந்துச்சு தம்பி” என்று கையை நீட்டிக் காட்டினார், அவர் காட்டிய இடத்தில் அலைதான் புரண்டுகொண்டிருந்தது. 2004 சுனாமியைப் பற்றி நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அதனால் ஒரு ராத்திரியாவது தங்குங்கள். நகர வாசலிலிருந்து ராஜ வீதி வழியாகக் கடல் வரைக்கும் நடந்தே போங்கள், சாவி பையிலேயே இருக்கட்டும். கோயிலுக்குக் காலை ஆறு மணிக்கெல்லாம் போய்விடுங்கள், வெயில் ஏறினால் மணலில் கால் வைக்க முடியாது.

அன்புடன்,
உங்களைப் போலவே வந்து போன ஒருவன்