அரண்மனையைத் தூக்கி நிறுத்திய கைகளுக்கு நன்றி

அன்பார்ந்த ஊர்ப் பெரியோர்களுக்கும், மலைக்கிராமத்துச் சொந்தங்களுக்கும், வெளியூர்களில் வாழும் நம் மக்களுக்கும் வணக்கம்.

பழனி மலையடிவாரத்தில் நம் ஊரின் நடுவே நிற்கும் பழைய ஜமீன் அரண்மனையின் முன்கட்டும் கொலு மண்டபமும் சீரமைக்கப்பட்டு, பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டுள்ளன. இப்பணிக்குத் தோள்கொடுத்த அனைவருக்கும் சீரமைப்புக் குழுவின் சார்பில் இம்மடலை எழுதுகிறேன்.

மதுரை நாயக்கர் ஆட்சி வகுத்த 72 பாளையங்களின் வரலாறு பேசப்படும்போது, பாஞ்சாலங்குறிச்சிக்கும் சிவகங்கைக்கும் கிடைக்கும் இடம் இம்மலையடிவாரத்துக்குக் கிடைப்பதில்லை. வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் தந்த விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர் 1801-இல் தூக்கிலிடப்பட்டது இம்மண்ணில் நடந்த வரலாறு. பின்னர் பாளையங்கள் ஜமீன்களாயின. 1948-ஆம் ஆண்டுச் சட்டம் ஜமீன்களையும் ஒழித்தது. அச்சட்டம் உழவருக்கு நியாயம் செய்தது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆயினும் வருவாய் நின்றபின் பராமரிப்பாரற்றுப்போன கட்டடங்களோடு, அவற்றைக் கட்டிய தொழிலறிவும் மறைந்துகொண்டிருந்தது. அதனால்தான், இக்கட்டடத்தை விற்றுப் பங்கு பிரித்துக்கொள்ள வழியிருந்தும் ஊரின் பொதுப் பயன்பாட்டுக்கு எழுதிக்கொடுத்த அரண்மனைக் குடும்பத்தாருக்கு முதல் நன்றி.

அடுத்து, நான் மிகுதியாகச் சொல்ல விரும்புவது கொத்தனார்களைப் பற்றி. முன்பு யாரோ சிமென்ட் பூசி ஒட்டுப்போட்ட சுவர்களே எல்லாவற்றிலும் மோசமாகச் சிதைந்திருந்தன. மலையிலிருந்து இறங்கும் பனியையும் மழை ஈரத்தையும் பழைய செங்கல் உள்ளே வாங்கி வெளியே விடும். சிமென்ட் அந்த ஈரத்தை வெளியேறவிடாமல் அடைக்க, உள்ளே தங்கும் நீரும் உப்பும் செங்கல்லையே பொடியாக்கிவிடும். ஆகவே சிமென்ட் முழுவதையும் உளியால் மெல்லக் கொத்தி எடுத்துவிட்டு, நீற்றிய சுண்ணாம்பை மணலோடு அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்துப் புளிக்கவைத்த சாந்தையே பயன்படுத்தினார்கள். சுண்ணாம்புச் சாந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி மெதுவாகத்தான் கல்லாக இறுகும். அதற்கு அவசரம் ஆகாது. திறப்பு நாளை முன்னிட்டுப் பலர் நெருக்கியபோதும், ஒரு பூச்சு இறுகாமல் மறுபூச்சுக்குக் கரண்டியை எடுக்க மறுத்த மேஸ்திரிகளுக்குக் குழு கடமைப்பட்டிருக்கிறது. தேக்கு உத்திரங்களில் கரையான் அரித்த பகுதியை மட்டும் அறுத்து நீக்கிப் புதுமரம் கோத்த தச்சர்களுக்கும், உத்திரங்களின்மேல் செங்கற்களைக் குத்தாக அடுக்கிச் சாந்தில் இறுக்கும் கட்டைகுத்துத் தளம் போடத் தெரிந்த முதியவர்களுக்கும், அவர்களிடம் கைவேலை பழகிக்கொண்ட இளைஞர்களுக்கும் நன்றி.

சாந்துக்கு வேண்டிய கடுக்காய், மேல்மலைக் காட்டில் அதைச் சேகரிக்கும் பளியர் பழங்குடிக் குடும்பங்களிடமிருந்து உரிய விலைக்கு வாங்கப்பட்டது. அரண்மனை எழுந்த காலத்திலும் காட்டுப்பொருள்கள் அம்மக்களின் கைவழியாகவே கீழே இறங்கியிருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன். இவ்வரண்மனையை நம் பண்பாட்டின் அடையாளம் என்று அழைக்கும்போது, கொலுவில் அமர்ந்தவர்களோடு கல் சுமந்தவர்களும் மரம் இழுத்தவர்களும் கூலியின்றி வெட்டி எனும் கட்டாய வேலை செய்தவர்களும் அந்த அடையாளத்துக்குள் வந்தாக வேண்டும். தங்கள் முன்னோர் தலைவாசலைத் தாண்ட அனுமதிக்கப்படாத கதைகளை மறைக்காமல் சொல்லி, அவற்றைக் காட்சிக்கூடத்தில் எழுதிவைக்க இசைந்த தெருக்களின் பெரியவர்களுக்கு எங்கள் தலைதாழ்ந்த வணக்கம். திறப்பு நாளில் அவர்களே முதலில் அவ்வாசலைக் கடந்து உள்ளே வந்தார்கள்.

செடி பிடுங்கவும் குப்பை அள்ளவும் வந்த பள்ளி மாணவர்கள், சுவர்ப் பிளவுகளில் ஓடிய அரச மரவேரைப் பொறுமையாக எடுத்தவர்கள், வேலையாட்களுக்குச் சமைத்த மகளிர் குழுவினர், சிறு தொகையாயினும் மாதந்தோறும் அனுப்பிய வெளியூர் அன்பர்கள், பழைய நிழற்படங்களையும் ஓலைகளையும் படியெடுக்கத் தந்தவர்கள் ஆகிய அனைவருக்கும் நன்றி.

பின்கட்டும் குதிரை லாயமும் இன்னும் சீரமைக்கப்படவில்லை. மழைக்காலம் முடிந்ததும் அங்கே வேலை தொடங்கும். பணியில் பங்கேற்றவர்கள் அனைவரின் பெயர்களும், தொகையின் அளவு குறிப்பிடப்படாமல், அகர வரிசையில் முன்வாசல் திண்ணைச் சுவரில் எழுதப்படுகின்றன. யாருடைய பெயரேனும் விடுபட்டிருந்தால் அரண்மனை அலுவலகத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
சீரமைப்புக் குழுவுக்காக, அதன் செயலாளர்